டோக்கன் நாற்பத்திரண்டு

பதினொன்றே காலுக்கு டவாலி கூப்பிட்டார்,
மோகனசீலன், வசந்தமலர்,
மூன்று மூன்று தரம்.
பதினொன்று இருபதுக்கு வாய்தா.
கட்டபெட்டிலிருந்து நின்றுகொண்டே வந்தது
இந்த ஐந்து நிமிடத்துக்கு.

சேரிங் கிராஸில் இறங்கினால்
மேகம் ரோட்டில் படுத்திருக்கிறது.
எதிரே வருவது ஆட்டோவா எருமையா,
காதால்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.
பசி.
மாடிப்படி ஓரத்தில் ஃபுட் கோர்ட் என்று அம்புக்குறி.
சரி, இன்னொரு கோர்ட்.

தோசைக் கடையில் திருப்பூர்க்காரர்கள், இரண்டு வேன் கூட்டம்.
சைனீஸ் கடையில் வரிசை இல்லை,
எனக்கு முன்னால் ஒரே ஒரு முதுகு.
அந்த ஸ்வெட்டரில், கழுத்துக்குக் கீழே,
ஒரு கண்ணி தவறியிருக்கும்.
எனக்குத் தெரியும்.
பின்னியவள் நான்.

கல்லாவில் டார்ஜிலிங் பையன்.
தமாங் என்று சட்டையில் குத்தியிருந்தான்.
என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான்,
"ஒரே டோக்கனா, தனித்தனியா?"
"தனித்தனி"
இரண்டு வாயும் ஒரே நேரத்தில்.

ஒன்றரை வருஷமாக
இரண்டு வக்கீல், ஒரு சமரச மையம்,
சோலூர்மட்டம் சித்தப்பா எல்லாரும் முட்டிமோதியும்
எங்களிடம் வாங்க முடியாத ஒரே பதிலை
இவன் ஒரு மூச்சில் வாங்கிவிட்டான்.

அவருக்கு ஃப்ரைட் ரைஸ், நாற்பத்திரண்டு.
எனக்கு நாற்பத்துமூன்று. ஆனால் மோமோ
ஏற்கெனவே வெந்திருந்ததால் முதலில் வந்தது.

எட்டு.
கொழுக்கட்டைக்குக் கொசுவம் வைத்துக் கட்டிவிட்ட மாதிரி.
எண்ணிப் பார்த்தேன்,
ஒன்றில் பதினாலு மடிப்பு, ஒன்றில் ஒன்பதுதான்.
பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட காலையில்
மடித்தது எது என்று
புடவை கட்டுகிறவளுக்குத் தெரியாதா.
கடித்ததும் உள்ளே அடைபட்டிருந்த சாறு
குபுக்கென்று நாக்கைப் பொசுக்கியது.
முட்டைக்கோஸ், இஞ்சி, பேருக்குக் கொஞ்சம் கோழி.
இத்தனை வெளுத்த தோலுக்குள்
இத்தனை கொதியா.
சிவப்புச் சட்னியைத் தொட்டுக்கொண்டேன்,
கண்ணில் நீர் வந்தது.
அது சட்னியால் வந்தது என்று
இதன் மூலம் பதிவு செய்கிறேன்.

"நாற்பத்திரண்டு!"
அவர் வராந்தாவில், போனில்,
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இடுப்பு வரை மேகத்தில்.
"நாற்பத்திரண்டு!"
பேசும்போது கையை ஆட்டுவார்,
எதிரில் ஆளே இல்லாவிட்டாலும்.
மூன்றாம் தரமும் ஆஜராகாவிட்டால்
ஒருதலைப்பட்சம் என்று எழுதிவிடுவார்கள்.
போன ஆடியில் காய்ச்சலில் கிடந்து
நான் பட்டிருக்கிறேன்.
"நாற்பத்தி..."
எழுந்துபோய் வாங்கிவிட்டேன்.

தட்டை வைத்தது பக்கத்து மேசையில்.
என் மேசையில் அல்ல. கவனிக்கவும்.

சோறு முழுக்கக் குடமிளகாய்,
ஒரு பாத்தியையே நறுக்கிப் போட்டிருந்தான்.
தொடமாட்டார். ஒவ்வொன்றாய்ப் பொறுக்கித்
தட்டின் என் பக்கத்து ஓரத்தில் சேர்ப்பார்.
ஒன்பது வருஷம் அந்த ஓரத்தைத் தின்றேன்.
எனக்கும் பிடிக்காதுதான்.
வீணாய்ப் போகுமே என்று.

கை எப்போது நீண்டது என்று
கேட்டால் சொல்லத் தெரியாது.
முதல் இரண்டு மூன்று ஃபோர்க்கால்.
அப்புறம் விரலால்.

போனை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.
கிளறினார்.
அடிவரை இன்னொரு தரம் கிளறினார்.
"பரவால்ல, இந்தக் கடைல
கேப்சிகம் போடறதில்ல போல"
என்றார்,
என்னிடமா, சோற்றிடமா.

பதில் சொல்ல முடியவில்லை,
வாய் நிறைய இருந்தது.
கல்லாவிலிருந்து தமாங்
எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.
துணியால் மேடையைத் துடைத்தான்.
நாற்பத்துநான்கைக் கூப்பிட்டான்.